செல்லம்... பதினாறு அடி!

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கம் சென்னேரி கிராமத்திலிருந்து இரண்டு பேர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். சாஃப்ட்வேர் ஆசாமிகள் இல்லை. இருளர்கள். அழைத்தது ஃப்ளோரிடா மாநில வனவிலங்குத் துறையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும். வேலை? மலைப்பாம்பு பிடிப்பது.

நிலாவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட் கிளம்பிய மாநிலம் அது. அங்கே மோப்ப நாயை விட்டுப் பார்த்தார்கள், பாம்புக்குள் ரேடியோ கருவி வைத்துப் பார்த்தார்கள், போட்டி வைத்துப் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் நம் ஆட்கள் போனார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்; பாம்பின் தடம் இருளர் அறிவார். பத்து நாளுக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. கீ லார்கோ என்ற தீவில், ராணுவம் கைவிட்டுப் போன பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கிக் கிடந்தது. இரண்டு மாதத்தில் எண்ணிக்கை 30-ஐத் தாண்டியது. இந்த ஏற்பாட்டுக்கு அந்த மாநிலம் ஒதுக்கிய தொகை கிட்டத்தட்ட 69 ஆயிரம் டாலர்.

நாமெல்லாம் பெருமைப்பட்டோம். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது இன்னும் பெருமைப்பட்டோம். நியாயம்தான். ஆனால், அந்தப் பெருமையில் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம். பிடிபட்டது பர்மா மலைப்பாம்பு. பர்மா எங்கே, ஃப்ளோரிடா எங்கே? அது எப்படி அங்கே போனது?

நீந்திப் போகவில்லை சார். பெட்டியில் போனது. ரசீதோடு போனது. ‘பெட்’ என்ற பெயரில் போனது.

* * *

முட்டையிலிருந்து வெளிவந்த பர்மா மலைப்பாம்புக் குட்டி ஒன்றரை முழம் இருந்தால் அதிகம். விரல் தடிமன். மஞ்சளும் பழுப்புமாய்ப் பட்டுத்துணி மாதிரி மினுமினுக்கும். உள்ளங்கையில் வைத்தால் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். விஷம் கிடையாது. குரைக்காது, முடி கொட்டாது, தினமும் வாக்கிங் கூட்டிக்கொண்டு போகச் சொல்லாது. விலையும் குறைச்சல். அமெரிக்கச் சந்தைகளில் ஒரு சுமாரான ஷூ வாங்குகிற காசுக்குக் குட்டி கிடைத்த காலம் உண்டு. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அதைப் பார்த்து ஆசைப்பட்டால் குற்றம் சொல்ல முடியாது.

கடைக்காரர் சொல்லாத சேதிதான் முக்கியமானது. நன்றாகத் தீனி போட்டால் ஒரு வருஷத்தில் அது ஆள் நீளத்தைத் தாண்டும். மூன்று, நாலு வருஷத்தில் 10 அடி, 12 அடி. பெண் பாம்பு என்றால் 16 அடிவரைகூடப் போகும். ஆயுசு 20 வருஷத்துக்கு மேல். எலியில் ஆரம்பித்த சாப்பாடு முயலுக்குப் போகும். மீன் தொட்டியில் ஆரம்பித்த வீடு தனி அறை கேட்கும். அந்தப் பையன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவன் வீட்டில் தொட்டில் கட்டும்போதும் பாம்பு இருக்கும்.

நான் படித்தது காமர்ஸ். அதில் உருப்படியாக மனதில் தங்கியது ஒரே ஒரு விஷயம்: பேலன்ஸ் ஷீட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சொத்து. மறுபக்கம் ‘லையபிலிட்டி’. தமிழ்வழிப் பாடநூலில் இதற்கு என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் தெரியுமா? பொறுப்பு! ‘சொத்துகளும் பொறுப்புகளும்.’ படிக்கிற காலத்தில் இது என்னடா மொழிபெயர்ப்பு என்று சிரித்திருக்கிறோம். இப்போது யோசித்தால், இதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தை கிடைக்காது. கடமையும் பொறுப்புதான், தலைமேல் நிற்கிற பாக்கியும் பொறுப்புதான்.

பாம்பு வியாபாரத்தில் நடப்பது இதுதான். வாங்குகிறவர் கையில் சொத்துப் பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பொறுப்புப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். கிழித்தால் கணக்கு மறைந்துவிடுமா? இல்லை. வேறு யார் பெயரிலாவது எழுதப்படும்.

* * *

ஃப்ளோரிடாவில் அது ஒரு சதுப்பு நிலத்தின் பெயரில் எழுதப்பட்டது. எவர்கிளேட்ஸ். 1996க்கும் 2006க்கும் இடையில் அமெரிக்காவுக்குள் இறக்குமதியான பர்மா மலைப்பாம்புகள் 90 ஆயிரத்துக்கும் மேல். அத்தனையும் வளர்க்கப்பட்டிருக்குமா? பத்தடி ஆனதும் சிலருக்குப் பயம். சிலருக்கு வீடு மாற வேண்டியிருந்தது. சிலருக்குச் சலித்துவிட்டது. மிருகக்காட்சி சாலைக்கு போன் செய்தால், ‘எங்ககிட்டயே நிறைய இருக்கு, வேண்டாங்க’ என்றார்கள். ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு போய், ‘போய்ப் பிழைச்சுக்கோ’ என்று சதுப்பு ஓரத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் தங்களைக் கருணை உள்ளவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பாம்பு பிழைத்துக்கொண்டது. மற்றவைதான் பிழைக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் 1992ல் அடித்த ஆண்ட்ரூ புயல்தான், அதில் ஒரு பாம்புப் பண்ணை உடைந்து எல்லாம் தப்பிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. புயலுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் எவர்கிளேட்ஸில் முதல் பர்மா மலைப்பாம்பு தென்பட்டது 1979ல். புயலுக்கு 13 வருஷம் முன்பு. இயற்கையின் மேல் பழி போடுவது சுலபம். அது வக்கீல் வைத்துக்கொண்டு வராது.

2000ல்தான் அவை அங்கே இனப்பெருக்கம் செய்து குடும்பமாக வாழ்கின்றன என்று விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். 2012ல் ஓர் ஆய்வு வெளியானது. ராத்திரியில் சாலைகளில் மெதுவாக வண்டியோட்டி, கண்ணில் படும் விலங்குகளை எண்ணுகிற ஆய்வு. 1990களின் கணக்கோடு ஒப்பிட்டால், ரக்கூன் கண்ணில் படுவது 99.3 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒப்போசம் 98.9 சதவிகிதம். காட்டுப்பூனை வகையான பாப்கேட் 87.5 சதவிகிதம். சதுப்பு முயல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அப்புறம் அரசாங்கம் விழித்தது. 2008ல் ஃப்ளோரிடா மாநிலம், பெரிய பாம்பு வைத்திருக்க வருஷத்துக்கு 100 டாலர் லைசென்ஸ், உடம்பில் மைக்ரோசிப் என்று சட்டம் கொண்டுவந்தது. 2010ல் செல்லப் பிராணியாகப் புதிதாக வாங்கவே தடை. 2012ல் மத்திய அரசு இறக்குமதிக்குத் தடை விதித்தது. 1979லிருந்து எண்ணிப் பாருங்கள், 33 வருஷம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அதற்கும் வியாபாரிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. தடைப்பட்டியலில் இருக்கும் பாம்பை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று 2017ல் மேல்முறையீட்டில் ஜெயித்தும் விட்டது.

2000லிருந்து இதுவரை ஃப்ளோரிடாவில் பிடித்து அகற்றப்பட்டவை 23 ஆயிரத்துக்கும் மேல். 2025ல் நடந்த போட்டியில் மட்டும் பத்து நாளில் 294. பிடிபட்ட பாம்புகளை என்ன செய்கிறார்கள்? கொல்கிறார்கள். இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணவும் முடியாது. அந்தப் புல்வெளியில் காலடியில் பாம்பு இருந்தாலும் கண்ணில் படுகிற வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாம். கொடுமை என்னவென்றால், இதே இனம் தன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆசியாவில், அழிவு அபாயத்தை நோக்கிப் போகும் இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. பிறந்த ஊரில் அருகிக்கொண்டு வருகிறது. போன ஊரில் அடித்துக் கொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் லாபம் பார்த்தவர் யாரோ, அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

* * *

சதுப்பு நிலம் பேசாது. மனிதர்கள் பெயரில் எழுதப்பட்ட கணக்கும் இருக்கிறது.

2009 ஜூலை. ஃப்ளோரிடாவின் சம்டர் கவுன்டியில் ஒரு வீடு. இரண்டு வயதுப் பெண் குழந்தை தொட்டில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வளர்ந்த எட்டரை அடி பர்மா மலைப்பாம்பு ராத்திரியில் வெளியே வந்து குழந்தையைச் சுற்றி இறுக்கிக் கொன்றது. விசாரணையில் தெரிந்தவை: பாம்பு இருந்த கண்ணாடித் தொட்டிக்குப் பூட்டு கிடையாது. மூடியிருந்தது ஒரு போர்வை. லைசென்ஸ் கிடையாது. ஒரு மாதமாகப் பாம்புக்குச் சாப்பாடும் கிடையாது. 2011ல் குழந்தையின் தாய்க்கும் அவருடைய துணைவருக்கும் 12 வருஷ சிறைத் தண்டனை.

2013 ஆகஸ்ட். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கேம்ப்பெல்டன் என்ற ஊர். பிராணிகள் கடைக்கு மேலே இருந்த வீட்டில் இரண்டு சிறுவர்கள், நண்பன் வீட்டில் தூங்கப் போனவர்கள். அண்ணனுக்கு 6 வயது, தம்பிக்கு 4. கூண்டிலிருந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியாக நழுவி, கூரையிலிருந்து அவர்கள் இருந்த அறையில் விழுந்தது. காலையில் இரண்டு பேரும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மிருகக்காட்சி சாலை தவிர வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த மாகாணம் தடை செய்திருந்த இனம் அது. ஆனால், 2002ல் அதை அந்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்ததே மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை ஆட்கள்தான். 2016ல் ஜூரி உரிமையாளரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. கணக்கை யார் பெயரில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

‘இவங்கெல்லாம் சரியா வளர்க்கத் தெரியாதவங்க’ என்று சொல்வீர்கள். சரி. 2017ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இறந்துபோன 31 வயது இளைஞர் வருஷக்கணக்காகப் பாம்பு வளர்த்தவர். எட்டடி ஆப்பிரிக்க மலைப்பாம்பு அவருடையது. அதுதான் அவர் சாவுக்குக் காரணம் என்று 2018ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அறையில் அவர் தனியாக இருந்தார். அனுபவம் இருந்தது, பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லை.

மலைப்பாம்பு மூச்சுத் திணறவைத்துக் கொல்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்புகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015ல் வெளியானது. இறுக்கிய சில விநாடிகளிலேயே இரையின் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்று அது காட்டியது. ‘இரு, ஆள் கூப்பிட்டுட்டு வரேன்’ என்று சொல்லப் பாம்பு நேரம் தராது.

* * *

பாம்புப் பிரியர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘நாய் கடிச்சு வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறாங்க? அதோட ஒப்பிட்டா இது ஒரு கணக்கா?’

எண்ணிக்கையில் அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. வளர்ப்பு மலைப்பாம்பால் இறந்தவர்கள் மிகக் குறைவு. உலகத்திலேயே பயங்கரமான மிருகம் என்று சினிமாக்காரர்கள் காட்டுவதெல்லாம் சும்மா. பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோரும் பைத்தியக்காரர்கள் என்றும் நான் சொல்லவில்லை. டபுள் பூட்டு, தெர்மாமீட்டர், நோட்டுப் புத்தகத்தில் தீனிக் கணக்கு என்று ஒழுங்காக வளர்ப்பவர்கள் உண்டு.

ஆனால் நாயோடு ஒப்பிடுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாய் பல்லாயிரம் வருஷமாக நம் கூடவே இருந்து, நம் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. மலைப்பாம்பு, கூண்டுக்குள் இருக்கும் காட்டுப் பிராணி. கையில் எடுத்தால் சும்மா இருக்கிறதே என்றால், அது அன்பு இல்லை, சகிப்பு. ‘செல்லம்’ என்ற வார்த்தைக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நாம் கொஞ்சினால் அது குழையும். பாம்புக்கு அந்தப் பாஷை தெரியாது. அதன் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. அதன் நாக்குக்கு வாசனை தெரியும். முயலைத் தொட்ட கையோடு, சூடான விரலை நீட்டினால், அது எஜமான் விரல் என்று அதற்கு எப்படித் தெரியும்? தப்பு பாம்பு மேல் இல்லை. ‘என் பாம்புக்கு என்னைத் தெரியும்’ என்று நம்புகிற நம் மேல்தான்.

இன்னொன்று. மலையேறுகிறவன் விழுந்தால் அவன் விழுவான். பைக் ரேஸ் ஓட்டுகிறவன்கூடத் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறான். சம்டரில் தூங்கிய குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கேம்ப்பெல்டன் சிறுவர்களும் தேர்ந்தெடுக்கவில்லை. என் பொழுதுபோக்கின் பொறுப்பை அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயரில் எழுத எனக்கு உரிமை கிடையாது. எண்ணிக்கை குறைவு என்பது இதற்குப் பதில் ஆகாது.

சரி, பொறுப்பு என்றால் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய விஷயம் ஒன்றுமில்லை, எல்லாம் அலுப்பூட்டும் விஷயங்கள்தான். பூட்டும் கூண்டு; பூட்டும் அறை. எட்டடி தாண்டிய பாம்பைத் தனியாகத் தொடுவதில்லை, தீனி போடும்போது பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள். இரையைத் தொட்ட கையைக் கழுவாமல் கிட்டே போவதில்லை. பாம்பு நீட்டிப் படுக்க இடம், அதற்கேற்ற சூடு, ஈரம். நோய் வந்தால் பார்க்கத் தெரிந்த டாக்டர் ஊரில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: எனக்கு வேலை போனால், வீடு மாறினால், நானே போய்விட்டால், இதை யார் வாங்கிக்கொள்வார்கள்? இதற்குப் பெயரோடு, விலாசத்தோடு பதில் சொல்ல முடியாதவர் வாங்கக் கூடாது. ஃப்ளோரிடா அரசு 2006லிருந்து, ‘வேண்டாத பிராணியைக் கொண்டுவந்து கொடுங்க, கேள்வி கேட்க மாட்டோம்’ என்று ஏற்பாடு செய்திருக்கிறது. நல்ல காரியம். முதல் கடையில் முதல் பாம்பு விற்ற அன்றைக்கே இது இருந்திருக்க வேண்டும்.

* * *

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம், நமக்கென்ன?’ என்கிறீர்களா? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு பெண்மணியின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 22 பாம்பு, ஒரு பச்சோந்தி. கொண்டுவருகிறார்கள் என்றால் வாங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தோளில் பாம்பைப் போட்டு ரீல்ஸ் எடுத்தால் லைக் கொட்டுகிறது.

நம் ஊர் மலைப்பாம்பைத் தொடவே முடியாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. வெளிநாட்டுப் பாம்புக்குத்தான் ரொம்ப நாளாக ஒரு சந்து இருந்தது. எல்லையில் பிடிபட்டால் கடத்தல். வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டால் கேட்பாரில்லை. 2022ல் சட்டத்தைத் திருத்தி, 2024 பிப்ரவரியில் விதிகள் போட்டார்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டால், செத்தால், கை மாறினால் அதையும் சொல்ல வேண்டும்.

வரவேற்கலாம். ஆனால், பதிவு என்பது ‘என்னிடம் இருக்கிறது’ என்ற வாக்குமூலம்தான். ‘எனக்கு வளர்க்கத் தெரியும், 20 வருஷம் வளர்ப்பேன்’ என்ற சான்றிதழ் இல்லை. நம் சட்டமும் இப்போதைக்குச் சொத்துப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்குகிறது. சதுப்பு நிலமும் ஏரியும் வெயிலும் நமக்கும் குறைவில்லை. ஃப்ளோரிடா கட்டிய ஃபீஸில் நாம் இலவசமாகப் பாடம் படிக்கலாம்.

படிக்க அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ளேயே இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978லிருந்து நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் என்று லைசென்ஸோடு பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, வாய்க்குத் துணி கட்டி, மருந்துக்கு விஷம் எடுக்கிறார்கள். எத்தனை நாள் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூன்று, நாலு வாரம். அப்புறம் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டு, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பாம்பை இந்தத் தேசத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அதை வைத்துக்கொள்வதில்லை.

பாம்பு அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்க்க ஆசை வந்தால் கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆற அமரப் பாருங்கள். டிக்கெட்டோடு உங்கள் செலவு முடிந்தது. பொறுப்புப் பக்கத்தை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.